டோக்கியோல ஹினா பொம்மை வாங்கணுமா? முதல்ல முகத்தைப் பாருங்க

கேள்வி: பிப்ரவரில ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரா டோக்கியோ போறோம். அம்மாவோட கொலுவுல வைக்க அந்த ஊரு ராஜா ராணி பொம்மை ஒரு ஜோடி வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எந்தக் கடைக்குப் போறது, எதைப் பாத்து வாங்கறது, உடையாம எப்படிக் கொண்டு வர்றது? கூட வர்ற மூணு பேருக்கும் பொம்மைல இன்ட்ரெஸ்ட் கிடையாது.

பதில்: பிப்ரவரின்னு சொன்னீங்க பாருங்க, அது நல்ல நேரம். நீங்க கேக்கறதுக்குப் பேரு ஹினா பொம்மை, மார்ச் 3-ஆம் தேதி ஹினமட்சுரிக்கு பொண்ணு இருக்கற வீட்ல வைப்பாங்க, அதனால ஜனவரி பிப்ரவரில தான் கடை நிறைய இந்த பொம்மை தான் இருக்கும், பண்டிகை முடிஞ்சதும் அதையெல்லாம் எடுத்துட்டு மே 5 பையன்கள் பண்டிகைக்கான சாமுராய் கவசமும் ஹெல்மெட்டும் வெச்சுடுவாங்க. முடிஞ்சா பிப்ரவரி 15-க்குள்ள போயிடுங்க, மாசக் கடைசில போனா மிச்சம் மீதி தான்.

போக வேண்டிய இடம் அசகுசபாஷி. பேரைப் பாத்து அசகுசா கோயில் பக்கம் போயிடாதீங்க, அது வேற ஸ்டேஷன். அகிஹபரால இருந்து ஜேஆர் சோபு லைன்ல ஒரே ஒரு ஸ்டாப், இறங்கினா கிட்டக்கவே யோஷிதொகு, கியூகெட்சுன்னு ரெண்டு பெரிய பொம்மைக் கடை, ஒண்ணு 1711-ல ஆரம்பிச்சது, இன்னொண்ணு 1835-ல. முழு செட்டுன்னா ஏழு படி, 15 பொம்மை, மேல் படில ராஜா ராணி, கீழ மூணு தோழிங்க, அஞ்சு வாத்தியக்காரங்க, ரெண்டு மந்திரி, மூணு வேலைக்காரங்க. அதைப் பாத்து மயங்கிடாதீங்க, உங்களுக்கு வேண்டியது மேல் படி ஜோடி மட்டும், அதையே தனியா விப்பாங்க, "ஷின்னோ கசாரி"ன்னு கேளுங்க.

முகம் தான் பொம்மைக்கு உயிர்னு யோஷிதொகு விளம்பரமே உண்டு, அது நூத்துக்கு நூறு உண்மை. புடவை எடுக்கற பழக்கத்துல நாம முதல்ல துணியத் தான் பாப்போம், ஜரிகை எப்படி இருக்கு கலர் எப்படி இருக்குன்னு, ஆனா துணி எல்லாக் கடைலயும் நல்லாத் தான் இருக்கும், முகக்களை தான் ஒண்ணுக்கொண்ணு மாறும். அதனால குனிஞ்சு உங்க கண்ணு பொம்மையோட கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி நின்னு பாருங்க. நெத்தில முடி ஆரம்பிக்கற இடத்தைக் கவனிங்க, நல்ல வேலையா இருந்தா பிரஷ்ல ஒவ்வொரு முடியா மெலிசா இழுத்து, தோலோட கரையற மாதிரி விட்டிருப்பாங்க, சுமாரான வேலைல அந்த இடம் கோடு போட்ட மாதிரி நிக்கும். உதட்டு ஓரத்தையும் அப்படியே பாருங்க. அந்த வெள்ளைப் பூச்சு பழைய முறைப்படி சிப்பி ஓட்டைப் பொடியாக்கி பசையோட கலந்து பூசறது, கோஃபுன்னு சொல்வாங்க, விரல் எண்ணெய் பட்டாலே கறை பிடிக்கும், அதனால முகத்தைத் தொடவே கூடாது. மத்ததைத் தொடணும்னாலும் "சவாத்தே மோ ஈ தெஸ் கா" (தொடலாமா?)ன்னு கேட்டுட்டு தொடுங்க, பேக்பேக்கை முன்பக்கமா மாட்டிக்கோங்க.

பட்டு உடுத்தின பெரிய ஜோடி விலையும் அதிகம், விரிஞ்ச அந்த உடுப்போட சூட்கேஸ்ல வைக்கறதும் கஷ்டம். என் சாய்ஸ் கிமெகோமிங்கற வகை பொம்மை தான். மரத்தூளைப் பசையோட பிசைஞ்சு செஞ்ச உடம்புல பள்ளம் வெட்டி, துணியோட ஓரத்தை அந்தப் பள்ளத்துக்குள்ள சொருகியிருப்பாங்க, உருண்டையா கெட்டியா இருக்கும், உள்ளங்கைல அடங்கற சைஸ்ல கூட கிடைக்கும்.

ஃப்ரெண்ட்ஸை இழுத்துட்டுப் போகாதீங்க, அது அவங்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் நிதானமா பாக்க முடியாது. அகிஹபரால விட்டுடுங்க, எலக்ட்ரானிக்ஸ், அனிமே, கேம்ஸ்னு அவங்களுக்கு அரை நாள் போறதே தெரியாது. நீங்க முடிச்சுட்டு வந்து ரேடியோ கைகான் பில்டிங்ல சேந்துக்கலாம், அங்க அசோன் கடைல கண்ணு, விக், டிரஸ் எல்லாம் மாத்தற மாடர்ன் பொம்மைங்க இருக்கு, அதைப் பாத்து உங்க ஃப்ரெண்ட்ஸே அசந்துடலாம்.

பாஸ்போர்ட் கைல இருக்கட்டும், ஒரே கடைல 5,000 யென்னுக்கு மேல வாங்கினா டூரிஸ்ட்டுக்கு 10% வரி கிடையாது. 2026 நவம்பர் 1-ல இருந்து முறை மாறுது, முதல்ல வரியோட கட்டிட்டு, கிளம்பும்போது ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் செக் முடிஞ்சப்புறம் தான் திரும்பக் கிடைக்கும், அதனால ஏர்போர்ட்டுக்கு கொஞ்சம் முன்னாடியே போங்க.

பேக் பண்ணும்போது கிரீடம், விசிறி, ராஜா இடுப்புல இருக்கற குட்டிக் கத்தி எல்லாத்தையும் கழட்டி தனித்தனியா சுத்துங்க. எது எங்க மாட்டணும்னு கடைலயே போட்டோ எடுத்துக்கோங்க, எடுக்கலாமான்னு கேட்டுட்டு. கத்தி செக்கின்ல, பொம்மை உங்க கேபின் பேக்ல. நான் முதல் தடவை பொம்மையவே செக்கின்ல போட்டு, வீட்ல வந்து பிரிச்சா ராணியோட மூக்கு நுனி பேந்து போயிருந்துச்சு, அந்தச் சின்ன வெள்ளைத் துண்டை பேப்பர் மடிப்புல தேடி எடுத்தது இன்னும் மறக்கல.

கொலு முடிஞ்சு எடுத்து வைக்கும்போது மெல்லிசு டிஷ்யூவால முகத்தை மூடுங்க. நம்ம வீட்ல அந்துருண்டையும் கற்பூரமும் சேத்துப் போடுவோம்ல, இதுக்கு அப்படிப் போடவே கூடாது, ரெண்டும் சேந்தா உருகித் தண்ணியாகி பட்டுல கறையாயிடும். ஏதாவது ஒண்ணு மட்டும், அதையும் பொம்மை மேல படாம பெட்டி மூலைல போடுங்க.

அப்புறம் அம்மா கண்டிப்பா கேப்பாங்க, யாரை எந்தப் பக்கம் வைக்கறதுன்னு. டோக்கியோ பக்கம், பாக்கறவங்களுக்கு இடது கைப் பக்கம் ராஜா, கியோட்டோல அப்படியே திருப்பி வைப்பாங்க. ரெண்டுமே சரி தான், அவங்க மரப்பாச்சி ஜோடிய எப்படி வைக்கறாங்களோ அதையே பாத்து வெச்சுக்கச் சொல்லுங்க.