இதயக் கருவி: பெண்களுக்கு ஆபத்து அதிகமா?

கேள்வி: மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கும் என் அம்மாவுக்கு வயது 61. நாடித்துடிப்பு குறைந்து இருமுறை மயங்கி விழுந்ததால், பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) பொருத்த வேண்டும் என்று மதுரையில் மருத்துவர் கூறிவிட்டார். பெண்களுக்கு இதில் சிக்கல் அதிகம் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அம்மா மறுக்கிறார். அது உண்மையா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: பாதி உண்மை. கருவி பொருத்தும்போது நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவதும், கருவியிலிருந்து இதயத்துக்குச் செல்லும் கம்பி இதயச் சுவரைத் துளைப்பதும் ஆண்களைவிடப் பெண்களிடம் ஓரளவு கூடுதலாகப் பதிவாகியுள்ளன; உடலமைப்பு சிறியதாகவும், ரத்தக்குழாய் குறுகலாகவும், இதயச் சுவர் மெல்லியதாகவும் இருப்பதே இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆயினும் இரு பாலரிலும் இவை அரிதானவை; பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

மறுபாதியை யாரும் சொல்வதில்லை. இதயத்தின் இரு கீழறைகளையும் ஒருங்கே துடிக்கச் செய்யும் சிஆர்டி என்னும் பேஸ்மேக்கர் வகைக் கருவியால் ஆண்களைவிடப் பெண்களே கூடுதல் பயன் அடைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அவ்வகை ஆய்வுகள் பலவற்றில் சேர்க்கப்பட்ட பெண்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

உங்கள் அம்மாவின் நிலையில், தள்ளிப்போடுவதே பெரிய ஆபத்து. பெரும்பாலும் மார்பின் மேற்பகுதியில், இடது காறை எலும்புக்குக் கீழே, முந்தானையும் ரவிக்கை விளிம்பும் உரசும் இடத்தருகே கருவி அமையும் என்பதால், அவர் வழக்கமாக அணியும் ரவிக்கையை மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டி, இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். கருவி பொருத்தியபின் சுமார் 4 முதல் 6 வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது. குனிந்து பூ எடுப்பதைவிட, கூடையைத் தலைக்கு ஏற்றுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.