கார்பன் டை ஆக்சைடு ரைஃபிளை அழுத்தக் காற்றுக்கு மாற்றலாமா?

பர்மிங்ஹாமில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என்னிடம் .22 க்யூபி78 ரைஃபிள் இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு அடைத்த இரண்டு 12 கிராம் கேப்ஸ்யூல் போட்டுச் சுடுவது. குளிர்காலத்தில் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) எல்லாம் குறிக்குக் கீழேயே போகிறது. அழுத்தக் காற்றுக்கு மாற்றினால் சரியாகுமா? 200 பார் (அழுத்த அளவு) நேராக ஏற்றலாமா?”

மாற்றலாம், குளிர்காலப் பிரச்சினையும் தீரும். ஆனால் 200 பாரை நேராக ஏற்றவே கூடாது.

கேப்ஸ்யூலுக்குள் இருப்பது திரவம். அதன் அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது: 20 டிகிரியில் சுமார் 57 பார், 0 டிகிரியில் 35 பார்தான். உங்கள் பெல்லட் கீழே போவது இதனால்தான், ரைஃபிளில் கோளாறு இல்லை. வேகமாக அடுத்தடுத்துச் சுட்டால் திரவம் ஆவியாகும்போது குழாயே குளிர்ந்து அழுத்தம் இன்னும் இறங்கும். காற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ரெகுலேட்டர் (அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் கருவி) வைத்துவிட்டால் குளிரோ வெயிலோ ஏறக்குறைய ஒரே அழுத்தம்தான்.

அந்தக் குழாயும் வால்வும் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்துக்காகச் செய்தவை. அதில் 200 பார் ஏற்றினால் குழாய் வெடிக்கலாம், முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுகிற பொருள் இது. வெடிக்காவிட்டாலும் அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து ரைஃபிளுக்குள் இருக்கும் சுத்தியலால் வால்வைத் திறக்க முடியாது, சுடவே சுடாது. அதனால் ரெகுலேட்டரோடு வரும் சின்ன பெயின்ட்பால் காற்று பாட்டிலும் அதற்கான அடாப்டரும் வாங்குங்கள். வெளியே விடும் அழுத்தம் 850 பி.எஸ்.ஐ, அதாவது சுமார் 58 பார் இருக்க வேண்டும். 450 பி.எஸ்.ஐ விடும் பாட்டில்களும் உண்டு, அது போதாது. இரண்டுக்கும் மரை ஒன்றுதான் என்பதால் கடையில் கேட்டு, பாட்டிலில் எழுதியிருப்பதையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

0.21 லிட்டர் பாட்டிலை 200 பாருக்கு நிரப்பினால் 60 பார் வரை இறங்குவதற்குள் சுமார் 30 லிட்டர் காற்று கிடைக்கும். இரண்டு கேப்ஸ்யூலில் கிடைப்பது ஏறக்குறைய 13 லிட்டர் வாயு. அப்படிப் பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல் சுடலாம்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. காற்று கார்பன் டை ஆக்சைடை விட லேசானது, அதனால் அதே 58 பாரிலேயே பெல்லட் கூடுதல் வேகத்தில் போகும். இங்கிலாந்தில் பெல்லட்டின் ஆற்றல் 12 அடி-பவுண்டுக்கு மேல் போனால் அது சான்றிதழ் தேவைப்படும் ஆயுதம். இப்போது 10.5 இருக்கிறது, வேகம் 8 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 12.2 ஆகிவிடும். ஆகவே மாற்றிய கையோடு க்ரோனோகிராஃபில் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) அளந்து பாருங்கள்: 0.93 கிராம் பெல்லட்டுக்கு விநாடிக்கு 187 மீட்டர்தான் எல்லை. எல்லையைத் தொட்டால் அந்த ரைஃபிளைச் சுடாமல், கைவேலை தெரிந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோவதானால் 12க்குக் கீழே இருந்தாலும் அங்கே தனி அனுமதி வேண்டும்.

நிரப்புவதற்குக் கைப்பம்பு போதும், அல்லது டைவிங் கடையில் உலர்ந்த காற்று. ஆக்சிஜன் சிலிண்டரை அருகிலேயே கொண்டுவராதீர்கள், பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ ஓ-ரிங்கில் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) தடவாதீர்கள், உயர் அழுத்தத்தில் தீப்பற்றிவிடும். சிலிகான் கிரீஸ் துளி போதும். பாட்டிலின் மேல் அச்சிட்ட சோதனைத் தேதி தாண்டியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.