தேங்காய்ப் படம் போட்ட ஷாம்பூ

கேள்வி: ஷாம்பூ பாட்டிலின் முன்பக்கம் 'தேங்காயிலிருந்து எடுத்த நுரைப்பொருள்' என்று படத்தோடு போட்டிருக்கிறது. பின்பக்கம் திருப்பினால் சோடியம் லாரில் சல்பேட் என்கிறது. ஏமாற்றுகிறார்களா? பேசாமல் பூந்திக்கொட்டைக்கு மாறலாம் என்றால், அது சரியாக நுரைப்பதே இல்லை.
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: பொய் இல்லை சகோதரி, பாதி விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்தான். அதை லாரில் ஆல்கஹாலாக மாற்றி, கந்தகம் ஏற்றி, காஸ்டிக் சோடா சேர்த்தால் நீங்கள் படித்த அந்தச் சல்பேட் வந்துவிடும். பெட்ரோலியத்திலிருந்து செய்தாலும் அதே பொருள்தான். ஷாம்பூ கலக்கும் கூடத்தில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவள் நான். அந்த வெள்ளைப் பொடி மூட்டையைப் பிரிக்கிற நாளில் முகத்தில் துணி கட்டியிருந்தாலும் மூக்கு எரியும். சாயங்காலம் விரலிடுக்கில் தோல் வறண்டு வெடித்திருக்கும். தேங்காயில் பிறந்தது என்பதாலேயே ஒன்று தோலுக்கு இதமாகிவிடாது.

அதே எண்ணெயிலிருந்து வரும் ஆல்கஹாலைக் குளுக்கோஸோடு இணைத்தால் டெசில் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு கிடைக்கின்றன. நுரை கொஞ்சம் கம்மி, ஆனால் தோலை அவ்வளவாக வறட்டாது. என் பேத்திக்கு வாங்கும்போது பின்பக்கத்தில் இந்தப் பெயர்களைத்தான் தேடுகிறேன்.

அப்புறம் பூந்திக்கொட்டை. அதன் தாவரப் பெயர் சேப்பிண்டஸ். 'இந்தியச் சோப்பு' என்று அர்த்தம். நுரைப்பது அந்தக் காயின் தோலில் உள்ள சப்போனின் என்ற பொருள். கறுப்பு விதையை எடுத்துவிட்டு, ஏழெட்டுத் தோலை வெந்நீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் தோல் பிசுபிசுவென்று குழைந்திருக்கும். நன்றாகப் பிசைந்து வடிகட்டி, ஒரு பாட்டிலில் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள், கழுத்து வரை நுரை ஏறும். தலையில் ஊற்றியதும் அடங்கிப்போவது எண்ணெயால்தான். அழுக்கும் எண்ணெயும் நுரையை அமுக்கிவிடும். ஷாம்பூவும் எண்ணெய்த் தலையில் முதல் தடவை நுரைக்காது. அதனால் அளவைக் கூட்டாதீர்கள். அலசிவிட்டு இரண்டாம் முறை போடுங்கள், தானாக நுரைக்கும்.

கண்ணில் மட்டும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடுமையாக எரியும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். வடித்த நீர் வெளியில் இரண்டு நாள்கூடத் தாங்காது, புளித்துவிடும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் ஊறவையுங்கள். மிஞ்சினால் அன்றைக்கே நகையைக் கழுவுங்கள், பட்டுப்புடவையையும் அலசலாம்.