வாசகர் கேள்வி: கவிதையின் கருவுக்கு உரிமை உண்டா?

கேள்வி: தேயிலைச் செடிகளுக்கிடையே தாயின் புதைகுழியைத் தேடும் மகளைப் பற்றிய என் கவிதையின் கருவை வேறொரு கவிஞர் எடுத்தெழுதிப் பரிசும் பெற்றுவிட்டார். என் பெயரை அவர் எங்கும் குறிப்பிடவில்லை. நான் என்ன செய்யலாம்?
– ஹட்டன் வாசகர்

பதில்: உங்கள் மனவருத்தம் நியாயமானது. ஆயினும், இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எண்ணத்தை அன்றி, அது சொற்களில் பெற்ற வடிவத்தையே பாதுகாக்கிறது. உறவுகளை மலையகத் தோட்டங்களுக்குப் பறிகொடுத்த துயரம், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலந்தொட்டு நம் நாட்டார் பாடல்களில் ஒலித்துவருவதால், அதை எவரும் எழுதலாம். உங்கள் வரிகளே அவரது கவிதையில் இடம்பெற்றிருந்தால், படைப்பாளராகப் பெயர் குறிப்பிடப்படும் உரிமையை அதே சட்டம் உங்களுக்குத் தருகிறது. இரு கவிதைகளையும் வெளிவந்த திகதிகளுடன், அவரது கவிதையை வெளியிட்ட இதழின் ஆசிரியருக்கு அனுப்புங்கள். வரிகள் வேறாயினும், உங்கள் கவிதையிலிருந்தே கருவைப் பெற்றிருந்தால், அதை ஓர் அடிக்குறிப்பிலேனும் சொல்வது அக்கவிஞரின் கடமை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.