வடிகட்டியும் டிஎன்எஃப் ஏறுகிறதே, ஏன்?

ஈ.கோலை பாக்டீரியாவில் உருவாக்கிச் சுத்திகரித்த புரதத்தை மேக்ரோபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்களில் இட்டதும் டிஎன்எஃப் எனும் அழற்சிப் புரதம் ஏறுகிறது, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துவிட்டேன், பஃபரை ஆட்டோகிளேவும் செய்துவிட்டேன். அப்படியானால் இது புரதத்தின் வேலைதானே என்று ஆய்வு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்த முடிவுக்கு இப்போதே வந்துவிடாதீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது எல்பிஎஸ் எனும் லிப்போபாலிசாக்கரைடை. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் அடர்ந்திருக்கும் மூலக்கூறு இது. புரதத்துக்காக ஈ.கோலையை உடைக்கும்போது இதுவும் கூடவே வந்துவிடும். உங்கள் வடிகட்டி முழு பாக்டீரியாவைத்தான் நிறுத்தும், எல்பிஎஸ்ஸை அல்ல. 121 டிகிரி ஆட்டோகிளேவுக்கும் அது அசையாது. கண்ணாடிக் கலன்களை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தால்தான் போகும்.

செல் இதை அடையாளம் காணும் விதம் அருமையானது. சீரத்திலுள்ள எல்பிபி எனும் புரதம், எல்பிஎஸ் மூலக்கூறைப் பிரித்தெடுத்து சிடி14 எனும் புரதத்திடம் தருகிறது. அது, செல்லின் மேலுள்ள டிஎல்ஆர்4 எனும் உணர்வியோடு இணைந்திருக்கும் எம்டி-2 புரதத்தின் குழிக்குள் எல்பிஎஸ்ஸைச் சேர்க்கிறது. ஈ.கோலை எல்பிஎஸ்ஸின் லிப்பிட் ஏ எனும் கொழுப்புப் பகுதியில் ஆறு கொழுப்பமிலச் சங்கிலிகள் உண்டு. ஐந்து குழிக்குள் அடங்க, வெளியே நீட்டும் ஆறாவது, பக்கத்து டிஎல்ஆர்4-ஐப் பிடித்து இரண்டு டிஎல்ஆர்4-களையும் இணைக்கிறது. உடனே செல்லுக்குள் மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பி புரதம் தூண்டப்பட்டு டிஎன்எஃப் வெளிவருகிறது. பிளேக் கிருமி 37 டிகிரியில் பெரும்பாலும் நான்கு சங்கிலி லிப்பிட் ஏ-யையே செய்து மனிதச் செல்களின் கண்ணில் படாமல் நழுவுகிறது. எல்பிஎஸ்ஸுக்கு மசியாத சி3எச்/எச்இஜே எலிகளில் பழுதானது டிஎல்ஆர்4 மரபணுவே என்பதை புரூஸ் பாய்ட்லர் குழு 1998-இல் காட்டியது. 2011 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

இனி உங்கள் சோதனைக்கு வருவோம். புரதத்தில் ஒரு பகுதியைக் கொதிக்கவைத்துச் செல்களில் இடுங்கள். டிஎன்எஃப் அப்படியே ஏறினால் எல்பிஎஸ் மீதான சந்தேகம் வலுக்கிறது. வெப்பத்தைத் தாங்கும் புரதம் என்றால் புரோட்டினேஸ் கே எனும் நொதி கொண்டு சிதைத்துப் பாருங்கள். பாலிமிக்சின் பி எனும் ஆன்டிபயாட்டிக், லிப்பிட் ஏ-யைக் கட்டிப்போடும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது: டிஎல்ஆர்2 எனும் மற்றோர் உணர்வி உணரும் பாக்டீரிய லிப்போபுரதங்களை அது தொடாது. டிஎல்ஆர்4 இல்லாத செல்களிலும் டிஎல்ஆர்2 இல்லாத செல்களிலும் சோதிப்பதையே நான் வலியுறுத்துவேன்.

எல்ஏஎல் சோதனையில் எண்டோடாக்சின், அதாவது எல்பிஎஸ், அளவையும் பாருங்கள். 1 அலகு என்பது ஏறத்தாழ 100 பிகோகிராம். அளவு கூடுதலாக இருந்தால், புரதம் நிக்கல் காலமில் ஒட்டியிருக்கும்போதே ட்ரைட்டான் எக்ஸ்-114 எனும் டிடர்ஜென்ட் கலந்த பஃபரால் நன்கு கழுவி, பிறகு சோதனையை மீண்டும் செய்யுங்கள்.