டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு ஓட்டுநருடன் கார்: ஒரு வழிக்கு ஏன் இரு வழிப் பணம்?

ஓட்டுநருடன் தனி கார் என்றால் முழு வண்டியும் ஓட்டுநரும் உங்களுக்காக மட்டும். இருக்கைக் கணக்கில் பணம் வாங்கும் மினிபஸ் டாக்சி வேறு.

உங்களை இறக்கியபின் அந்தக் கார் இரு ஊர்களையும் இணைக்கும் தென்னாப்பிரிக்காவின் என்3 தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர் காலியாகத் திரும்ப வேண்டும். பெட்ரோலும் சுங்கமும் மறுபடியும் செலவாகும். மரியன்ஹில், மூயி ரிவர், டுகேலா, வில்ஜ், டி ஹூக் என்று பெரிய சாவடிகளே ஐந்து. போக மட்டும் ஆறு மணி நேரம் ஓட்டியவர் அன்றே திரும்புவது ஆபத்து. வழியிலுள்ள வான் ரீனன் கணவாயில் மூடுபனியும் பார லாரிகளும் இருக்கும். அதனால் அவர் தங்கும் செலவும் சேர்கிறது. கல்யாணக் கூடாரக்காரர் கொண்டுவந்து இறக்குவதற்கும் திரும்ப ஏற்றிப்போவதற்கும் சேர்த்து வாங்குவது போலத்தான்.

குறைக்க நல்ல வழி, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஆள் ஏற்றிவந்து காலியாகத் திரும்பும் வண்டியைப் பிடிப்பது. டிசம்பர் விடுமுறைத் தொடக்கத்தில் கூட்டம் கடற்கரைப் பக்கம் வருவதால் இது எளிது. கிலோமீட்டர், சுங்கம், காத்திருப்பு, இரவுத் தங்கல் நான்கையும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லில் விட்டால் சண்டை பெரும்பாலும் சுங்கத்தில்தான் வரும்.

சாதாரண ஓட்டுநர் உரிமம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கூலிக்குப் பயணிகளை ஏற்ற, பயணிகளுக்கான தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் வண்டிக்கு இயக்க உரிமமும் வேண்டும்.