ஐந்தாம் வரியை நீக்க வேண்டாம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். காலஞ்சென்ற என் அப்பா அரிசி ஆலை ஒன்றில் கணக்கராக இருந்தவர். துபாயில் வேலை பார்த்த சித்தப்பா 1986-இல் கொண்டுவந்து கொடுத்த 48 கே ஸ்பெக்ட்ரம் கணினியில், கார், பிசானம் என்ற இரு பூவிலும் (போகத்திலும்) வந்த நெல்லைக் கோட்டை, மரக்கால் என்ற அளவைகளில் கணக்கிட்டுத் தமிழ் எழுத்தில் காட்டும் பேசிக் மொழி நிரல் ஒன்றை அவர் எழுதியிருந்தார். கணினி இப்போது எங்களிடம் இல்லை. நிரலைக் கையால் எழுதிவைத்த நோட்டும் ஒரு கேசட்டும் இருக்கின்றன. நோட்டில் உள்ள 140 வரிகளையும் தட்டச்சு செய்து, ஒரு மாற்றுக் கருவியின் உதவியால் கேசட் நாடாவுக்கு ஈடான டேப் கோப்பாக்கி, பழைய கணினியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஏற்றினேன். ரன் கொடுத்ததும், திரையின் ஓரம் சிவப்பாகவும் வெளிர்நீலமாகவும் மாறிக்கொண்டிருந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. 5-ஆம் வரியில் உள்ள 'லோட் "" கோட்' என்ற கட்டளைதான் தடை என்று நண்பர் ஒருவர் சொன்னதால் அதை நீக்கினேன். இப்போது நிரல் ஓடுகிறது. ஆனால் தமிழ் வரவேண்டிய இடங்களில் ஆங்கில ஏ, பி, சி வருகின்றன. நோட்டில் அந்த இடங்களில் அப்பா சிவப்பு மையால் அடிக்கோடிட்ட ஆங்கில எழுத்துகளைத்தான் எழுதியிருக்கிறார். பிழை கருவியிலா, என் தட்டச்சிலா? 21 என்ற எண் நிரல் முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. அதை ஒரே மாறியில் வைத்து நிரலைச் சுருக்கலாமா? நோட்டின் நடுவே கட்டம் போட்ட தாள்கள் சில ஒட்டப்பட்டிருக்கின்றன. அவை எதற்கென்று விளங்கவில்லை.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த 5-ஆம் வரியைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். உங்கள் அப்பாவின் கேசட்டில் என்ன இருந்தது என்பதற்கு நோட்டில் உள்ள நேரடியான சாட்சி அதுதான். 'லோட் "" கோட்' என்பது, நாடாவில் அடுத்து வரும் தரவுத் தொகுதியை எடுத்து நினைவகத்தில் வை என்ற கட்டளை. ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் மாறிக்கொண்டிருந்தது கோளாறன்று. ஸ்பெக்ட்ரம் நாடாவில் அடுத்த தொகுதியைத் தேடும்போது அப்படித்தான் காட்டும். உங்கள் டேப் கோப்பில் நிரல் மட்டுமே இருக்கிறது. அதற்குப் பின் வரவேண்டிய தொகுதி இல்லை. இல்லாத ஒன்றுக்காக அது காத்துக்கொண்டிருந்தது. நிரல் பட்டியல் வேறு, நாடா வேறு. நோட்டிலிருந்து தட்டச்சு செய்த பட்டியல், நாடாவில் இருந்தவற்றுள் ஒரு பகுதி மட்டுமே.

மாற்றுக் கருவியின் வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால், மற்றக் கேள்விகளுக்கும் விடை அதிலேயே வந்துவிடும். 1982-இல் வெளிவந்த அந்தக் கணினியில் பிரிண்ட் என்ற சொல்லை யாரும் எழுத்தெழுத்தாகத் தட்டியதில்லை. வரியின் தொடக்கத்தில் பி விசையை ஒருமுறை அழுத்தினால் முழுச் சொல்லும் வந்துவிடும். நினைவகத்திலோ 245 என்ற ஒரே பைட்தான், அதாவது ஓர் எண்தான், பதிவாகும். இப்படி 165 முதல் 255 வரையிலான எண்கள் அனைத்தும் பேசிக் சொற்களுக்கும் குறிகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. ஆகவே எழுத்துகளாகத் தட்டிய சொல்லைக் குறியெண்ணாக மாற்றும் வழி அந்த 48 கே இயந்திரத்தில் இல்லவே இல்லை. அதற்குத் தேவையும் எழவில்லை. இன்று நாம் சாதாரண உரைக்கோப்பில் தட்டும் சொற்களை, அன்று விரல்கள் அழுத்தியிருக்கக்கூடிய விசைகளின் விளைவாக மாற்றித் தருவதுதான் ரஸ்ஸல் மார்க்ஸ் எழுதிய இசட்மேக்பேஸ், மார்ட்டைன் வான் டெர் ஹைடே எழுதிய பேஸ்டூடேப் போன்ற கருவிகளின் பணி.

உங்கள் நிரலில் இருக்கக்கூடிய ஒரு வரியையே எடுத்துக்கொள்வோம்: '20 லெட் எம்=கே*21'. அதாவது, கோட்டைகளின் எண்ணிக்கையை 21-ஆல் பெருக்கினால் மரக்கால் வரும். ஆங்கிலத்தில் தட்டினால் இது 13 எழுத்திடங்கள். நாடாவில் இதுவே 18 பைட்டுகள் ஆகும். வரியெண்ணுக்கு இரண்டு, வரியின் நீளத்துக்கு இரண்டு, லெட் என்பதற்கு 241 என்ற ஒன்று, எம், சமக்குறி, கே, பெருக்கல் குறி ஆகியவற்றுக்கு நான்கு, 2, 1 என்ற இலக்கங்களுக்கு இரண்டு, வரி முடிவுக்கு 13 என்ற ஒன்று, ஆகப் பன்னிரண்டு. எஞ்சிய ஆறும் திரையில் ஒருபோதும் தெரியாதவை. ஒவ்வோர் எண்ணின் பின்னும் 14 என்ற பைட்டும், அதையடுத்து அந்த எண்ணின் மதிப்பு ஐந்து பைட்டுகளாகவும் மறைந்திருக்கும். 21-க்கு அவை 0, 0, 21, 0, 0. நாம் பார்ப்பது இலக்கங்களை. இயந்திரம் கணக்கிடுவது மறைந்திருக்கும் ஐந்தை. இதை அறியாமல், ஆக்கிய டேப் கோப்பையே பைட் திருத்தியில் திறந்து 21-ஐ 24 என்று மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். திரையில் 24 என்று தெரியும், விடை 21-க்கே வரும். எனவே திருத்தம் எதுவானாலும் உரைக்கோப்பில் செய்து, மீண்டும் மாற்றிக்கொள்ளுங்கள். டேப் கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக ஆக்கலாம். பாதுகாக்க வேண்டியது உரைக்கோப்பையே.

இனி அடிக்கோடிட்ட எழுத்துகளுக்கு வருகிறேன். ஸ்பெக்ட்ரமில் பயனர் தாமே வரைந்துகொள்ளும் வடிவங்களுக்கென்று, 144 முதல் 164 வரை, 21 இடங்கள் உண்டு. அவற்றை ஏ முதல் யூ வரையிலான எழுத்துகளால் குறிப்பது வழக்கம். கணினியை இயக்கியவுடன் அந்த இடங்களில் ஆங்கில எழுத்துகளின் வடிவமே நிரப்பப்பட்டிருக்கும். நாம் வேறு வடிவம் கொடுத்தால்தான் மாறும். உங்கள் அப்பா சாதாரண ஏ-யையும் வரைந்த ஏ-யையும் நோட்டில் வேறுபடுத்துவதற்காகவே சிவப்பு அடிக்கோட்டைப் பயன்படுத்தியிருக்கிறார். நீங்கள் அதைச் சாதாரண ஏ என்று தட்டியதால் 144 என்று போகவேண்டிய இடத்தில் 65 என்று போயிருக்கிறது. இசட்மேக்பேஸ் கருவியானால் பின்சாய்வுக்கோடு இட்டு அதை ஒட்டி எழுத்தைத் தட்ட வேண்டும். பேஸ்டூடேப் கருவியானால் எழுத்தை நெளிவு அடைப்புக்குறிக்குள் இட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அடிக்கோட்டு எழுத்துகள் அனைத்தையும் திருத்தியபின் நிரலை ஓட்டினாலும், திரையில் அதே ஏ, பி, சி தான் வரும். ஏனென்றால் வடிவங்கள் இன்னும் வந்து சேரவில்லை. வடிவங்களை மட்டும் கொண்டுவந்து எழுத்துகளைத் திருத்தாவிட்டாலும் அதே காட்சிதான். ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்து பயன் தெரியவில்லை என்று, செய்த சரியான திருத்தத்தைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள்.

அந்தக் கட்டத் தாள்கள்தான் இல்லாத தொகுதி என்று நான் நம்புகிறேன். புள்ளிக்கோலம் போடுவதற்கு முன் தாளில் புள்ளி வைத்துப் பார்ப்பதைப் போல, எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் எழுத்தை வரைந்து, ஒவ்வொரு வரிசையையும் ஓர் எண்ணாக்குவது அன்றைய முறை. இடப்பக்கத்திலிருந்து கட்டங்களின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. நிரப்பிய கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் வரிசையின் எண். பகரத்தை 0, 66, 66, 66, 66, 66, 126, 0 என்ற எட்டு எண்களால் வரைந்துவிடலாம். 21 இடங்களில் தமிழ் எப்படி அடங்கியது என்று நீங்கள் வியக்கக்கூடும். கார், பிசானம், கோட்டை, மரக்கால், நெல் என்ற ஐந்து சொற்களையும் எழுதி எண்ணிப் பார்த்தேன். புள்ளி எழுத்தின் தலைமீது அதே கட்டத்துக்குள் வரவேண்டும் என்பதால் ர், ம், ட், ல், க் ஆகியவற்றுக்குத் தனி வடிவம் வேண்டும். பி ஒரு வடிவம். ஒற்றைக்கொம்பு, இரட்டைச்சுழிக்கொம்பு, ஐகாரக் குறி, கால் ஆகியன தனித்தனி. அவற்றோடு க, ச, ன, ம, ட, ர, ந. மொத்தம் 17. எட்டுப் புள்ளி அகலத்தில் னகரமும் ஐகாரக் குறியும் அடங்க மறுத்து, இரண்டிரண்டு இடம் எடுத்துக்கொண்டாலும் 19 தான். கணக்கர் ஒருவர் எழுத்துகளையும் கணக்கிட்டே தேர்ந்திருக்கிறார் என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

தாள்களிலிருந்து தொகுதியை ஆக்குவது கடினமன்று. எமுலேட்டரில் வெற்று டேப் ஒன்றை வைத்துக்கொண்டு, சிறு நிரல் ஒன்றை எழுதுங்கள்: டேட்டா வரிகளில் எண்களை வரிசையாகக் கொடுத்து, 'ரீட்' கட்டளையால் ஒவ்வொன்றாகப் படித்து, 'போக் யுஎஸ்ஆர் "ஏ"+ஐ' என்று உரிய முகவரியில் இட்டுவர வேண்டும். 17 வடிவங்களானால் 136 எண்கள். சுழற்சி 0-விலிருந்து 135 வரை ஓடினால் போதும். அதன்பின் 'சேவ்' கட்டளையில் ஒரு பெயரும், 'கோட் யுஎஸ்ஆர் "ஏ",168' என்பதும் கொடுத்தால் 21 இடங்களும் சேர்ந்து டேப்பில் பதிவாகும். பெயர் பத்து எழுத்துக்கு மிகக்கூடாது. அப்படிச் சேமித்த டேப் கோப்பின் அளவு சரியாக 193 பைட்டுகள் இருக்க வேண்டும்: தலைப்புத் தொகுதிக்கு 21, தரவுத் தொகுதிக்கு 172. வேறு அளவு காட்டினால், சிறு நிரலும் அதனுடன் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். டேப் கோப்பு என்பது தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதேயன்றி வேறில்லை. ஆகையால் நிரலின் கோப்பையும் இந்த 193 பைட்டுகளையும் அப்படியே முனையோடு முனை ஒட்டி ஒரே கோப்பாக்கிவிடலாம். நிரல் முன்னால், வடிவங்கள் பின்னால். மாற்றுக் கருவியில் தானே ஓடத் தொடங்கும் வரியாக 5-ஐக் கொடுத்துவிட்டால் ரன் தட்டவும் வேண்டியதில்லை.

கேசட் இருப்பதாகச் சொல்கிறீர்கள். தாமிரபரணிக் கரையின் ஈரத்தில் நாற்பதாண்டு கிடந்த நாடாவில் பூஞ்சை பிடித்திருக்க வாய்ப்புண்டு. வெள்ளைப் படலம் தெரிந்தால் ஓட்டாமல், நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள். நல்ல நிலையில் இருந்தால் கணினியில் ஒலியாகப் பதிந்துகொண்டு, காதால் கேளுங்கள். தலைப்புக்கு முன் ஏறக்குறைய ஐந்து விநாடி நீளமான ஒரே சீரான ஒலி, பின் சிறு இரைச்சல். சற்று இடைவெளி விட்டு இரண்டு விநாடி ஒலி, பின் நிரலின் நீண்ட இரைச்சல். அது முடிந்தபின் மறுபடியும் ஐந்து விநாடி ஒலி எழுந்து, அதைத் தொடர்ந்து வரும் இரண்டாவது இரைச்சல் ஏறக்குறைய ஒரு விநாடியில் முடிந்தால், அதுவே 168 பைட்டுகள். ஃப்யூஸ் எமுலேட்டருடன் தொடர்புடைய ஆடியோடூடேப் என்ற கருவி அந்த ஒலியை நேராக டேப் கோப்பாக மாற்றித் தரும். அப்படிக் கிடைத்தால், நீங்கள் தாளிலிருந்து ஆக்கியதை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

21-ஐ மாறியாக்கலாமா என்று கேட்டீர்கள். மூலப் படியில் வேண்டாம். கோட்டைக்கு 21 மரக்கால் என்பது நம் பக்கத்துக் கணக்கு. அதை அவர் ஒவ்வோர் இடத்திலும் எழுதிய விதமும் அவருடைய எழுத்துதான். திருத்தி எழுதும் ஆசை இருந்தால் வேறு பெயரில் ஒரு படி எடுத்து அதில் எழுதுங்கள். மூலப் படியில் கவனிக்க வேண்டியவை வேறு: சுழியமும் ஓ என்ற எழுத்தும், 1-உம் எல் என்ற எழுத்தும் மாறிவிடாமல் இருக்க வேண்டும்; சொல் செயலியில் தட்டியிருந்தால் மேற்கோள் குறிகள் சுருண்டிருக்கும், அவற்றை நேர்க்குறிகளாக்க வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கங்களையும் அட்டையின் உட்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். கேசட்டில் பதியும்போது தட்ட வேண்டிய 'சேவ்' கட்டளைகளை அன்று பலர் அங்கேதான் குறித்துவைத்தார்கள். அப்படி இரண்டு வரிகள் இருந்தால், தொகுதிகளின் பெயர்களையும் அவர் வைத்தபடியே வைத்துவிடலாம். கட்டத் தாள்களைப் படமெடுத்து அனுப்பினால், எண்களை நானும் உங்களுடன் இருந்து சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டை